ரேடியோவா, புரொடக்‌ஷனா? வடசென்னை டிரான்ஸ் இசை டிஜே எதில் தொடங்கலாம்

வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை பழகும் தம்பி தங்கைகளே, முதலில் இணைய ரேடியோவைத்தான் சொல்வேன். லேப்டாப், ஹெட்ஃபோன், ஒலியை இணையத்தில் பரப்பும் ஐஸ்காஸ்ட் மாதிரி இலவச மென்பொருள் போதும். நெதர்லாந்து டிரான்ஸ் டிஜே ஆர்மின் வான் பியூரனின் ரேடியோ நிகழ்ச்சி 2001 முதல் வாராவாரம் வருகிறது. கூடவே அவர் சொந்தப் பாட்டும் உருவாக்குகிறார். நேரலையில் கலக்கக் கலக்க, 138 பிபிஎம் (நிமிடத்துக்கு 138 தட்டு) வேகப் பாட்டுகள் இரண்டை எங்கே சேர்ப்பது, தாளம் அடங்கும் பிரேக்டவுன் பகுதியை எவ்வளவு நீட்டினால் கேட்பவர் காத்திருப்பார் என்பதெல்லாம் காதில் ஏறும். பிறர் பாட்டுக்கு உரிமம் வேண்டும், அது தனிச் செலவு.

புரொடக்‌ஷன் (சொந்தமாகப் பாட்டு உருவாக்குவது) மெதுவாகத்தான் வரும். கிக் டிரம் அடி விழும்போதெல்லாம் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி தணியும்படி சைட்செயின் அமைக்கவே பல இரவுகள் போகும். சரி, போகட்டும். நம்ம தெருப் பறையடியைப் பதிவு செய்து அந்த பேஸ்லைனுக்குள் கோக்கலாமே! ரேடியோவில் மட்டும் இருந்தால் அது கிடைக்காது.