நாற்று 40, நெல் 30

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய வீடியோ விளையாட்டில் ஒரு நெல் நாற்றின் விலை 40 பொற்காசு. அதை நட்டு, வளர்த்து, அறுத்து, குற்றாமல் அப்படியே விற்றால் கிடைப்பது 30. இந்தக் கணக்கைக் கண்டதும் எனக்கு அந்த விளையாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது. அமெரிக்காவில் இருந்துகொண்டு நாலரை ஆண்டுகள் தனி ஆளாக இதைச் செய்து 2016இல் வெளியிட்ட எரிக் பரோன் இலங்கையில் எங்கள் முரசுமோட்டைப் பக்கம் வந்திருக்க மாட்டார். நெல்லும் அதில் பிறகுதான் சேர்ந்தது. ஆனால் அறுத்த நெல்லை ஈரத்தோடு வயல் வரம்பிலேயே விற்பவனின் நிலைமை எப்படியோ அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பரந்தன் சந்திக்குக் கிட்ட போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, லமினேட், கைப்பேசி ரீலோட், விண்ணப்பப் படிவம் நிரப்புதல் என்று காலையில் கை ஓயாது. பிற்பகல் இரண்டு மணி வெயிலில் ஏ9 வீதியில் நாய்கூட நடக்காது; என் விளையாட்டு நேரம் அதுதான். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன காலத்தில், கொப்பி இயந்திரம் சும்மா கிடக்க, பொழுதைக் கொல்லத் தொடங்கிய பழக்கம். ஆகவே என் அளவுகோல்கள் ஒரு கடைக்காரியின் அளவுகோல்கள். ஆள் வந்து நின்றால் கீழே வைத்துவிட்டு எழும்ப முடிய வேண்டும். டேட்டா தின்னக் கூடாது. ஒரு தடவை காசு வாங்கினால் பிறகு கை நீட்டக் கூடாது. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். என் கைப்பேசித் திரையின் மூலையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வெடிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஸ்டார்டியூவின் கதை எளிமையானது. பட்டணத்து வேலையில் வெறுத்துப்போன ஒருவர், அப்பப்பா விட்டுப்போன பற்றைக் காணிக்குத் திரும்பிவந்து கல்லையும் கட்டையையும் அகற்றி விவசாயம் செய்கிறார். காணிக்கு உறுதி இருக்கிறதா, அனுமதிப்பத்திரமா, எல்லைக் கல் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. முதல் ஆச்சரியம் அது. ஒரு பருவத்திற்கு 28 நாள், வருடத்திற்கு நான்கு பருவம். பருவம் மாறிய காலையில் முந்திய பருவத்துப் பயிர் கருகி நிற்கும். மழை பிந்தியது, வெள்ளம் வந்தது என்ற நியாயம் எடுபடாது.

நெல் வசந்த காலப் பயிர். மற்றப் பயிர்களுக்கு நாள்தோறும் பூவாளியால் நீர் ஊற்ற வேண்டும். நெல்லை மட்டும் நீர்நிலையின் ஓரமாக நட்டால் ஊற்றத் தேவையில்லை. 8 நாளில் விளைவது 6 நாளில் விளைந்துவிடும். மற்றப் பயிர்களில் பெரும்பாலானவற்றைக் கையால் பறிக்கலாம், நெல்லை அரிவாளால்தான் அறுக்க வேண்டும். நெல் வேறு மாதிரியான பயிர் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணாவின் மகன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். “மாமி, இதற்கு யூரியா போட வேண்டாமா?” என்றான்.

“உரம் போட்டால் தரம் கூடும். போடாவிட்டாலும் விளையும்.”

“அப்படியென்றால் அப்பா 2021இல் இந்த ஊரில்தான் இருந்திருக்க வேண்டும்.”

இரசாயன உரத்தைத் தடைசெய்த அந்த ஆண்டில் அவன் சின்னப் பையன். அந்தப் போகம் முழுவதும் தகப்பன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்ததை அவன் மறக்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

நீர்ப் பிரச்சினையும் அங்கே கிடையாது. இங்கே சிறுபோகம் வந்தால் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று வாதாடித் தீர்ந்த பிறகுதான் விதைநெல்லை நனைக்கலாம். அங்கே ஆறு சும்மா ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கூட்டத்தையும் விளையாட்டில் வைத்தால் யார் விளையாடுவார்கள்?

ஆலை ஒன்று கட்டினால் நெல்லின் கதை மாறும். அதற்கு 2,500 பொற்காசு, கல், மரம், கூடவே கிடைக்கச் சிரமமான துணி நான்கு வேண்டும். இன்று போட்ட நெல் நாளை அரிசியாக வெளியே வரும், அரிசி 100க்குப் போகும். அதே அரிசியை ஊர்க் கடையில் நாம் வாங்கப் போனால் 200. முப்பது, நூறு, இருநூறு என்ற இந்தக் கணக்கை இரவுச் சாப்பாட்டின்போது அண்ணாவிடம் சொன்னேன். அவர் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை. “விளையாட்டில் என்றாலும் ஆலை கட்ட விடுகிறார்களே” என்றார்.

குறைகள் இல்லாமல் இல்லை. வெருளி ஒன்றை நட்டுவிட்டால் காகம் வராது, அத்துடன் காவல் முடிந்தது. மயிலும் பன்றியும் யானையும் இல்லாத ஊரில் காவல் கொட்டில் எதற்கு? சலிப்பூட்டுவது மீன்பிடி. தூண்டிலில் மீன் பட்டதும் ஒரு பச்சைப் பட்டையை மேலும் கீழும் ஆட்டி, ஓடும் மீனின் படத்தோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். வெடித்த திரையில் பெருவிரலால் அது நடக்கிற காரியம் அல்ல. இரணைமடுவில் ஜப்பான் மீன் பிடிப்பது இதைவிட எளிது, நானே பிடித்திருக்கிறேன். ஊராரோடு பழகும் பகுதியும் எனக்கு ஒட்டவில்லை. ஆளுக்கு வாரம் இரண்டு பரிசு வரை கொடுத்து நட்பை வளர்க்க வேண்டுமாம். எங்கள் பக்கம் கடனுக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்தாலே வளர்ந்துவிடும்.

ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதில் இன்னும் அழிக்காமல் தினமும் திறப்பது இதைத்தான்.

பேப்பர்ஸ், பிளீஸ் வேறு இனம். லூகஸ் போப் என்ற ஒருவர் செய்து 2013இல் வெளியிட்டது. கைப்பேசிக்கு 2022இல் வந்தது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி, ஆண்டு 1982, நாம் அங்கே உத்தியோகத்தர். வரிசையில் வருபவர்களின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். நாளுக்கு நாள் விதி மாறும். நேற்றுச் செல்லுபடியான பத்திரம் இன்று செல்லாது.

வன்னியில் என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூண்டின் மறுபக்கத்தில் நின்று நாங்கள் ஏற்கெனவே விளையாடியிருக்கிறோம். 2002இல் ஏ9 திறந்தபோது புளியங்குளத்தில் புலிகளின் சாவடி, ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி. ஒரு பக்கத்தில் பாஸ், மறுபக்கத்தில் அடையாள அட்டை. பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, வெயிலில் நடந்து, திரும்ப ஏற வேண்டும். போர் முடிந்த பிறகும் ஓமந்தையில் இறங்கி நிற்கும் வழக்கம் 2015 வரை தொடர்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் அப்போது யோசித்ததில்லை. இந்த விளையாட்டு ஒரு விடை தருகிறது: வீட்டு வாடகை ஓடியிருக்கலாம்.

ஓர் ஆளைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 கிரெடிட் சம்பளம். மாலையில் கணக்குத் திரை வரும். வாடகை, சாப்பாடு, வீட்டுக்குச் சூடு, மருந்து. போதாவிட்டால் எதை வெட்டுவது என்று நாமே தெரிவுசெய்ய வேண்டும்; மகனுக்குப் பசி, மாமியாருக்குச் சுகமில்லை. பிழை விட்டால் முதல் இரண்டுக்கும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து தண்டம். தண்டச் சீட்டை ஒரு பழைய பிரின்டர் கரகரத்துக்கொண்டு வெளியே தள்ளும். அந்தச் சத்தத்திற்குக் கடைப் பிரின்டரைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இந்த விளையாட்டில் நான் கெட்டிக்காரி. நாள் முழுக்கக் கடையில் செய்யும் வேலை இதுதானே. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் கூட, கிராம அலுவலரின் கடிதத்தில் திகதி வேறு. இடப்பெயர்வில் மூலப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு, கொப்பியின் கொப்பியை நாலாய் மடித்துப் பொலித்தீன் பையில் கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் இலக்கம் தேய்ந்திருக்கும். இயந்திரத்தில் கருமையைக் கூட்டிக் குறைத்து, 3 ஆ 8 ஆ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த இலக்கத்தை மீட்க வேண்டும். இந்தப் பழக்கம் உள்ளவளுக்குக் கடவுச்சீட்டின் காலாவதித் திகதியும் வழங்கிய நகரமும் விதிப்புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது சுலபம். கடையில் இதே கண், பத்திரத்தை எப்படியாவது செல்லுபடியாக்கப் பார்க்கிறது. இங்கே அதை மறுக்க ஒரு காரணம் தேடுகிறது.

ஒரு கணவன் வருவான், அவனுடைய பத்திரங்கள் எல்லாம் சரி. போகும்போது, அடுத்து வருபவள் என் மனைவி, அவளைத் தயவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவான். அவளிடம் நுழைவு அனுமதி இருக்காது. நான் பச்சையைக் குத்தினேன். சீட்டு கரகரத்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். விளையாட்டு என்னைப் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

இடையில் ஓர் இரகசிய அமைப்பு வந்து நமக்கு வேலை தருகிறது. மொத்தமாக இருக்கும் 20 முடிவுகளில் சில அதைச் சுற்றித்தான் வருகின்றன. எனக்கு அந்தப் பகுதி வேண்டியிருக்கவில்லை. சாவடியும் சம்பளமும் போதும். நாளுக்கு நேரக் கெடு ஓடுவதால் கடை நேரத்திற்கும் ஏற்றதல்ல, இரவில்தான் விளையாட வேண்டும்.

திஸ் வோர் ஒஃப் மைன் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துப் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்டது. பாத்திரங்கள் படையினர் அல்ல, இடிந்த வீட்டுக்குள் அகப்பட்ட பொதுமக்கள். பகலில் அடுப்பும் கட்டிலும் மழைநீர் பிடிக்கும் பீப்பாயும் செய்ய வேண்டும்; இரவில் ஒருவரை வெளியே அனுப்பித் தேடி எடுத்துவர வேண்டும். நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். போலந்து அரசு 2020இல் இதைப் பாடசாலை மாணவருக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்ததும் நியாயமே. வயது போன கணவனும் மனைவியும் இருக்கும் வீட்டில் மருந்தை எடுப்பதா விடுவதா என்று அது கேட்கும் இடம் வரை போனேன். பிறகு அழித்துவிட்டேன். 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கம் இருந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் விளையாடட்டும். நாங்கள் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டவற்றில் கொஞ்சமாவது அவர்களுக்குப் பிடிபடும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகள், எனக்கு வெண்பா என்ற விளையாட்டைப் பரிசாக அனுப்பினாள். அதே ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் பெற்றது. பழைய மடிக்கணினியிலேயே தடங்கலின்றி ஓடியது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன தாய், தகப்பன், அங்கே பிறந்த மகன். சமையல் புத்தகத்தில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்டலித் தட்டை எப்படி அடுக்குவது, எதை முதலில் தாளிப்பது என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. சட்டியில் எண்ணெய் பொரியும் சத்தம் அச்சொட்டு. புட்டில்தான் எனக்குச் சண்டை. அங்கே குழல் புட்டு. எங்கள் வீட்டில் கொதிநீர் விட்டுக் குழைத்த மாவைச் சுளகில் கொட்டி, சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்தி உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு பனையோலை நீத்துப்பெட்டியில் போட்டு அவிப்போம். அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “பனையோலை வாசம் இல்லாமல் அது என்ன புட்டு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுவதால் சொந்தக் காசில் வாங்க யோசிப்பேன். ஆனால் கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் எங்களுக்குச் சொல்லாமல் விடும் பகுதிகள் இதில் இருக்கின்றன.

பார்மிங் சிமுலேட்டர் 20 அண்ணாவின் மகனுடைய தெரிவு. கோதுமை, சோளம், உருளைக்கிழங்கு, பருத்தி எல்லாம் உண்டு, நெல் இல்லை. உழவு இயந்திரம் வயலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நித்திரை வந்தது, அவன் உருகுகிறான். 2024 நவம்பரில் வந்த 25ஆம் பதிப்பில் நெல்லும் நீர் கட்டிய வயலும் எருமையும் சேர்த்திருக்கிறார்கள். அது ஓடும் கணினியை வாங்க என் கடையில் உள்ள அத்தனை இயந்திரங்களையும் விற்றாலும் காணாது. அவன் யூரியூப்பில் மற்றவர்கள் உழுவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறான்.

பாடசாலை விட்டதும் பையன்கள் ரீலோட் கேட்டு வருவார்கள். தீவொன்றில் குதித்துக் கடைசி ஆள் மிஞ்சும் வரை சுட்டுக்கொள்ளும் விளையாட்டுக்கு வைரம் வாங்க. விளையாட்டை இலவசமாகக் கொடுத்து, அதற்குள் உடுப்பு விற்கும் வியாபாரம் அது. எனக்கு அந்த விரல் வேகம் இல்லாததால் விமர்சிக்கும் தகுதியும் இல்லை. பாடசாலைச் சீருடையில் வருபவர்களுக்கு 100 ரூபாய்க்கு மேல் ரீலோட் போடுவதில்லை என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது கரம் பூல், கைப்பேசியில் ஆடும் கரம். இலவசம்தான், ஆனால் டேட்டா வேண்டும், விளம்பரம் வருகிறது, ஸ்டிரைக்கர் எந்தப் பக்கம் போகும் என்று கோடு போட்டுக் காட்டிக் கொடுத்தும் விடுகிறது. என் அளவுகோல் ஒன்றிலும் தேறாது. பவுடர் தூவிய உண்மையான பலகை சனசமூக நிலையத்தில் இருக்கிறது, கடை வாசலில் நின்றால் காய் விழும் சத்தம் கேட்கும். பின்னேரத்தில் அதைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். அதனால் கரம் பூலை அழிக்கவில்லை.