சிம் தட்டு இல்லாத போனும் அம்மாவின் விரலும்

அமெரிக்காவில் வாங்கிய ஐபோனோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அதன் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. 2022இல் வந்த ஐபோன் 14 தொடங்கி, அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, எல்லாம் இ-சிம்தான், அதாவது அட்டை இல்லாமல் இணையம் வழியாகப் போனுக்குள் இறக்கிக்கொள்ளும் சிம். கும்பகோணத்தில் ஒரு சிறிய மொபைல் கடையில் இருந்த தம்பி, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் போனின் நான்கு பக்கமும் ஓட்டை தேடினார். கிடைக்காமல் போகவே, "ஷோகேஸில் வைக்கிற டம்மியா சார்?" என்று கேட்டார்.

இ-சிம் வேண்டுமென்றால் மொபைல் இணைப்பு தரும் நிறுவனத்தின் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும் என்றார். அங்கே ஏசி, டோக்கன், பணிவு எல்லாம் இருந்தன, வேலைதான் நகரவில்லை. புது இணைப்புக்கு ஆதார் வேண்டும். ஆதாரைச் சரிபார்க்கும் ஓடிபியோ, நான் ஊரில் இருந்த காலத்து எண்ணுக்குப் போகிறது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிட இந்தியாவில் விதி இடம் தருகிறது. என் ஓடிபி இப்போது யார் சட்டைப்பையில் ஒலிக்கிறதோ! கடைசியில் விரல் ரேகை வைத்து வேலை முடிந்தது. இ-சிம்மை இறக்க இணையம் வேண்டுமே என்று நான் விழித்தபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் தன் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கொடுத்தார். அந்த நிறுவனத்தின் சேவை என்று எதையாவது பாராட்டச் சொன்னால் இதைத்தான் பாராட்டுவேன்.

உள்ளூர் எண் இல்லாமல் ஊரில் நடமாடுவது இப்போது பெரும்பாடு. 2016இல் வந்த, போனிலேயே பணம் அனுப்பும் யுபிஐ இன்று பூக்காரம்மாவின் கூடைவரை வந்துவிட்டது. பணம் வந்ததைக் கூடையோரத்து ஸ்பீக்கர் பெட்டி தமிழில் கூவிச் சொல்கிறது. நான் நீட்டும் 500 ரூபாய் நோட்டுக்குத்தான் சில்லறை இல்லை. இணையத்தில் ரயிலுக்குக் கடைசி நேரத் தட்கல் டிக்கெட் எடுக்க 2025 ஜூலை முதல் ஆதார் ஓடிபி கட்டாயம். என்ஆர்ஐ கணக்குகளை அமெரிக்கா உட்படச் சில நாடுகளின் எண்களோடே யுபிஐயில் இணைக்க 2023லேயே அனுமதி வந்துவிட்டது. என் வங்கியின் ஆப் அந்தச் செய்தியை இன்னும் படிக்கவில்லை போலும். எண் செல்லாது என்று ஒவ்வொரு முறையும் துரத்தியது.

என் கதை இப்படியிருக்க, அம்மாவுக்கும் தொடுதிரை போன் வாங்க வேண்டியிருந்தது. அவருடைய பட்டன் போன் ஓய்ந்துவிட்டது. கடைக்காரர் கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று அடுக்கிக்கொண்டே போனார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "மணி அடித்தால் அடுப்படிவரை கேட்குமா?"

நான் விலைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு போனிலும் அம்மாவையே தொடச் சொன்னேன். இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்பவை அல்ல. தோலின் மின்கடத்தும் தன்மையை உணர்பவை. வயதானவர்களின் வறண்ட, காய்த்த விரல் நுனியை அவை சில சமயம் விரலாகவே மதிப்பதில்லை. தடித்த கண்ணாடி உறை ஒட்டினால் இன்னும் மோசம். அம்மாவுக்குப் பட்டன் போன் பழக்கத்தில் அழுத்திப் பிடிக்கும் கை வேறு. அவர் அழைக்க நினைத்துப் பெயரைத் தொட்டால், நீக்கவா, பகிரவா என்று பட்டியல் விரிகிறது. விலை அதிகமான போன் வாங்கினால் இது தீராது. செட்டிங்ஸில் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்பதை நீளமாக்கினால் தீரும். எழுத்தைப் பெரிதாக்கி, முகப்பில் நான்கு பேரின் படங்களை மட்டும் விட்டுவைத்தேன். அழைப்பை இழுத்து எடுப்பதற்குப் பதில் ஒரே தொடுதலில் எடுக்கும் வசதி சில போன்களில் இருக்கிறது. அது இருந்த போனையே வாங்கினோம். கேமரா சுமார்தான்.

பழைய பெரிய சிம்மை நானோ சிம்மாக மாற்ற மறுபடி ஷோரூம், மறுபடி விரல் ரேகை. கருவி அம்மாவின் கட்டைவிரலை ஏற்கவில்லை. கவுன்ட்டர் பெண் துடைக்கத் துணி தேடுவதற்குள், அம்மா விரலை நெற்றியில் நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மீண்டும் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. ரேஷன் கடையில் கற்றுக்கொண்ட வித்தையாம். "பாட்டி, இனிமேல் வருகிற எல்லோருக்கும் இதையே சொல்கிறேன்" என்று அந்தப் பெண் சிரித்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் ஷோரூமில் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிம் மாற்றினால், மோசடியைத் தடுக்க 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். அன்றைக்கு கேஸ், வங்கி என்று ஓடிபி கேட்கும் எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# அடித்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பார்த்து, அது முடக்கப்பட்டதா என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம், இலவசம்தான்.

கிளம்புமுன் என் புது எண்ணுக்கு நீண்ட காலத் திட்டமாகப் பார்த்து ரீசார்ஜ் செய்து, ரோமிங்கையும் திறந்து வைத்தேன். இங்கே நியூஜெர்சியில் எஸ்எம்எஸ்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. அம்மாவும் வீடியோவில் வருகிறார்; பெரும்பாலும் நெற்றியும் மின்விசிறியும் தெரிகின்றன. வங்கியில் எண் மாற்றக் கொடுத்த படிவம் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.