பனியா, வெள்ளமா?
பேரிடர்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் 2004இல் வந்த ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’வா, 2023இல் வந்த மலையாள ‘2018’ஆ? முதலாவதில் அட்லாண்டிக் நீரோட்டம் நின்று, சில நாட்களில் நியூயார்க் உறைகிறது. பிரம்மாண்டம் சரி, அந்த வேகத்தை அறிவியல் ஏற்காது. மார்கழியிலும் மின்விசிறி போடும் ராயபுரத்துக்காரர்களுக்கு அது வேடிக்கைதான்.

என் ஓட்டு கேரள வெள்ளத்தைச் சொல்லும் ‘2018’க்கு. முதல் பாதி இழுவை என்பார்கள், உண்மைதான். ஆனால் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றி மீட்புக்குக் கிளம்பும்போது காசிமேட்டுக்காரர்கள் விசில் அடிக்காமல் இருப்பது கஷ்டம். அப்புறம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த எண்ணூர்வாசிகளுக்கு, படத்தில் வரும் வெள்ளம் கொஞ்சம் சுத்தமாகவே தெரியும்!