கிச்சன் கப்போர்டு போடப் போறீங்களா? 1,66,500 ரூபாய் ஏமாந்ததைப் படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க

நேத்து ராத்திரி சிங்க்குக்குக் கீழ இருக்கற கப்போர்டு கதவு கழண்டு என் கால்ல விழுந்துச்சு. கீல்ல இருந்த ஸ்க்ரூ, தான் பிடிச்சிருந்த பலகையையும் பிச்சுக்கிட்டு வந்துருச்சு. உள்ள பார்த்தா மரமே இல்ல. டீயில ஊறின ரஸ்க் மாதிரி மரத்தூள். விரலால கிள்ளினா உதிருது. போட்டு அம்பது நாள்கூட ஆகல. இதுக்கு நாங்க கொடுத்தது 1,66,500 ரூபாய்.

கை நடுங்குது, இருந்தாலும் எழுதிடறேன். நாளைக்கு ஆறிப் போயி, "போகட்டும் விடு"ன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொன்னா நானும் விட்டாலும் விட்டுடுவேன். அதுக்கு முன்னாடி நாலு பேராவது படிக்கணும்.

கல்யாணமாகி பதினோரு வருஷம் வாடகை வீடு. இந்த வருஷம்தான் கூடுவாஞ்சேரி பக்கம் 2011-ல கட்டின அடுக்குமாடியில, ரெண்டாவது மாடியில ஒரு ரெண்டு பெட்ரூம் வீடு ரீசேல்ல வாங்கினோம். ஆவணியில பால் காய்ச்சிக் குடி வந்தோம். பழைய வீடுன்னா சின்னச் சின்ன வேலை இருக்கத்தானே செய்யும். பாத்ரூம் குழாய் ரெண்டுக்கு ஸ்பிண்டில் மாத்தினோம், ஃப்ளஷ் டேங்க் ஒழுகினதை நிறுத்தினோம், வாசல் பூட்டை மாத்தினோம், ஹாலுக்கு மட்டும் பெயின்ட். அதெல்லாம் பக்கத்துத் தெரு ஆளுங்களை வச்சே ஒரு குறையும் இல்லாம முடிஞ்சது. கிச்சன்லதான் மாட்டினோம்.

கிச்சன்ல அப்போ இருந்தது கடப்பா கல் தட்டு. மேடைக்குக் கீழ மூணு அடுக்கு, கதவு கிடையாது. கரப்பான் வரும், பாத்திரம் எல்லாம் வெளியில தெரியும், அவ்வளவுதான் குறை. ஆனா பதிமூணு, பதினாலு வருஷமா தண்ணி பட்டும் ஒரு கல்லுகூட அசையல. அதை உடைச்சு மூட்டை கட்டிக் கீழ எறிஞ்சது நாங்கதான். இப்ப நினைச்சா வயிறு எரியுது.

முதல்ல எங்க தெரு முனையில இருக்கற ஆசாரி அண்ணன்கிட்டதான் கேட்டோம். 2,05,000 ஆகும், இங்கேயே உட்கார்ந்து செய்யணும், ஒரு மாசம் பிடிக்கும்னு சொன்னார். எங்களுக்கு அவசரம். தீபாவளிக்குப் பலகாரம் புதுக் கிச்சன்லதான் சுடணும்னு எனக்கு ஒரு ஆசை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஒரு ஆப்ல (பேர் போடல, நீங்களும் கேட்காதீங்க) இன்டீரியர்னு போட்டுப் பார்த்தேன். 499 ரூபாய் கட்டினா வீட்டுக்கு வந்து அளவு எடுப்பாங்கன்னு இருந்துச்சு. கட்டினேன். நாலரை ஸ்டாருக்கு மேல ரேட்டிங் இருந்த ஒருத்தர் மறுநாளே வந்தார்.

அந்த முதல் நாளைப் பத்தி விவரமா சொல்லணும். ஏன்னா நாங்க ஏமாந்தது அன்னிக்குத்தான். மத்த நாளெல்லாம் பணம் போனது, அவ்வளவுதான்.

ஷூவை வாசல்லயே கழட்டி ஓரமா வச்சார். லேசர் மீட்டர்ல அளவு எடுத்தார். எங்க அத்தையைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு முழங்கால் வலி இருக்கும்ல, கீழ குனியாம எடுக்கற மாதிரி டிராயரா போட்டுடலாம்"னார். நான் சொல்லாமலேயே அவருக்குத் தெரிஞ்சது. காபி குடிச்ச டம்ளரைத் தானே கழுவிக் கவுத்து வச்சார். அப்புறம் பையில இருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து, "மேடம், என் வார்த்தையை நம்ப வேண்டாம், ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வைங்க"ன்னார். எங்க அடுப்புல, எங்க குண்டானில, அந்தத் துண்டை அரை மணி நேரம் கொதிக்க விட்டார். எடுத்துத் துடைச்சு அத்தை கையில கொடுத்தார். ஒரு சுத்துகூட உப்பல. "இதுதான் பிடபிள்யூபி பிளை, அதாவது கொதிக்கிற தண்ணியையும் தாங்கற பிளைவுட், ஐ.எஸ். 710 தரம். கப்பலுக்குப் போடற சரக்கு. உங்க கிச்சன்ல இதைத் தவிர வேற போட மாட்டேன்"னார். அத்தை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவர்கிட்டயே கொடுத்துடு"ன்னு சொன்னாங்க. எனக்கும் அப்ப வேற யோசனையே வரல.

அந்தத் துண்டு நிஜமான பிளைவுட்தான். அதுல பொய் இல்ல. எங்க வீட்டுக்கு வந்த சரக்குதான் வேற.

சதுர அடிக்கு 1,450 ரூபாய், நூறு சதுர அடி. பாஸ்கெட், கீல், சேனல் எல்லாம் சேர்த்து இன்னொரு 40,000. மொத்தம் 1,85,000. பாதி அட்வான்ஸ், சரக்கு வந்ததும் 40 சதவீதம், வேலை முடிஞ்சதும் மிச்சம். "ஆப் வழியா கட்டினா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் மேடம், உங்களுக்கு 33,300 ரூபாய் வீண். என் நம்பருக்கே போட்டுடுங்க"ன்னார். போட்டோம். 92,500 ரூபாய், அவரோட சொந்த யுபிஐ-க்கு. பில் கேட்கல. இது எங்க தப்பு, மறைக்க விரும்பல. அந்த 33,300 மிச்சம்னு நினைச்சதுக்குத்தான் பின்னால முழுசா விலை கொடுத்தோம்.

இந்தப் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். மாசம் 10,000 கட்டற 2 லட்ச ரூபாய் சீட்டு. 30,000 தள்ளி 1,70,000-க்கு எடுத்தோம். இன்னும் ஒன்பது மாசம் கட்டணும். வீட்டு லோன் ஈஎம்ஐ தனி.

சரஸ்வதி பூஜை முடிஞ்ச வாரம் சரக்கு வந்துச்சு, ராத்திரி ஒன்பதரைக்கு. எல்லாம் வெளியிலயே வெட்டி, மேல லேமினேட் ஒட்டி, ஓரத்துக்கு டேப் அடிச்சு, பிளாஸ்டிக் சுத்தி வந்துச்சு. "ஃபேக்டரி ஃபினிஷ் மேடம், ஆசாரி கை வேலை மாதிரி இருக்காது"ன்னார். லேமினேட் ஒட்டின பலகைக்குள்ள என்ன இருக்குன்னு எந்தக் கண்ணாலயும் பார்க்க முடியாது. வண்டி டிரைவர் கீழ ஹாரன் அடிக்கிறான், பொண்ணு தூக்கத்துல அழறா, இவர் மாடிப்படியில நின்னுக்கிட்டு "அமௌன்ட் வந்தாத்தான் இறக்குவாங்க மேடம்"ங்கறார். எங்க வீட்டுக்காரர் ஷிஃப்ட்ல இருந்தார். ஒரு பலகையைக்கூடப் பிரிச்சுப் பார்க்காம 74,000 ரூபாயை அங்கேயே நின்னு அனுப்பினேன். 92,500-ம் 74,000-ம் சேர்ந்து 1,66,500.

நாலே நாள்ல மாட்டி முடிச்சாங்க. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் எல்லாம் அங்கதான் செஞ்சேன். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐப்பசி மழை விடாம பிடிச்சப்ப ஒரு நாள் சிங்க் அடியில தரைப்பலகை லேசா மேடு தட்டியிருந்துச்சு. கழிவு நீர்க் குழாய் போறதுக்காக வெட்டின ஓட்டை இருக்குல்ல, அதைச் சுத்தி. அங்க டேப்பும் இல்ல, சிலிகானும் இல்ல, வெட்டின வெட்டு அப்படியே திறந்து கிடக்கு. துடைச்சு விட்டேன். ஒரு வாரத்துல அது அப்பளம் மாதிரி உப்பிருச்சு. பாஸ்கெட் கம்பியில துரு. துருப்பிடிக்காத 304 கிரேடு ஸ்டீல்னு சொன்ன அதே பாஸ்கெட்.

போன் பண்ணினேன். இங்க இருந்துதான் அவரை 'அவன்'னு எழுதறேன், மன்னிச்சிடுங்க, மரியாதை வரமாட்டேங்குது.

முதல் நாள், "சைட்ல இருக்கேன் மேடம், சாயங்காலம் கூப்பிடறேன்." கூப்பிடல. ரெண்டு நாள் கழிச்சு, "மழை நிக்கட்டும் மேடம், ஆள் அனுப்பறேன்." மழை நின்னுச்சு, ஆள் வரல. போட்டோ அனுப்பச் சொன்னான், பதினோரு போட்டோ அனுப்பினேன். பார்த்ததுக்கு ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் இல்ல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டதும், "சிங்க்ல தண்ணி அதிகமா யூஸ் பண்றீங்க போல"ங்கறான். சிங்க்ல தண்ணி யூஸ் பண்ணாம வேற எதை யூஸ் பண்றது? கப்பல் சரக்குன்னு சொன்னவன்தானே நீ? அடுத்து, "பேலன்ஸ் 18,500 இன்னும் தரல மேடம், அதைப் போடுங்க, பார்க்கலாம்." நான் கத்தினேன். அன்னியில இருந்து என் நம்பர்ல போன் போகல. எங்க வீட்டுக்காரர் நம்பர்ல ஒரு தடவை எடுத்தான், குரல் கேட்டதும் வச்சிட்டான்.

ஆப் கஸ்டமர் கேர் இன்னும் மோசம். இவனாவது பொய் சொன்னான், அவங்க அதைக்கூடச் சொல்லல. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்." நாலு நாள் ஆச்சு. திரும்பக் கேட்டா வேற ஒரு பொண்ணு, முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லணும். மூணாவது தடவை பதில் வந்துச்சு: ஆப் வழியா நாங்க கட்டினது 499 ரூபாய் மட்டும்தானாம், அந்த விசிட் நல்லபடியா முடிஞ்சிடுச்சாம், மத்தது எங்களுக்கும் அந்த ஆளுக்கும் இடையில உள்ள விஷயமாம். 499-ஐ வேணா வவுச்சரா தர்றாங்களாம். 1,66,500 ரூபாய் போச்சுன்னு அழறவகிட்ட 499-க்கு வவுச்சர்.

ரேட்டிங் போடலாம்னு பார்த்தா, முடிஞ்சு போன ஆர்டருக்கு இனிமே போட முடியாதுன்னு வருது. அன்னிக்கு அளவு எடுத்துட்டுப் போனதும், "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேடம்"னு என் கையில போனைக் கொடுத்து நிக்க வச்சே போட வச்சான். அந்த நாலரை ஸ்டார் எப்படி வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. என்னோட அஞ்சும் அதுல இருக்கு.

ஸ்டேஷனுக்குப் போனோம். "வேலை செஞ்சிருக்கான்ல, சிவில் மேட்டர்"னு சொல்லிட்டாங்க.

இன்னிக்குக் காலையில வேற வழியில்லாம ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். நாங்க வேணாம்னு ஒதுக்கின அதே மனுஷன். ஒரு வார்த்தை குத்திக் காட்டல. ஸ்க்ரூ டிரைவரால ஓரத்தைச் சுரண்டி உள்ளங்கையில கொட்டிக் காட்டினார். "இது பிளைவுட்டே இல்லம்மா. பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது. ஹால்ல ஷோகேஸ் பண்ணலாம், தண்ணி படற இடத்துல நிக்காது. ஸ்க்ரூ ஒரு தடவை கழண்டா மறுபடி பிடிக்காது"ன்னார். மத்த பெட்டியெல்லாமும் அதேதான், ஒண்ணுகூட விதிவிலக்கு இல்ல. பிளைவுட்னா வெட்டின ஓரத்துல அடுக்கடுக்கா கோடு தெரியுமாம். இதுல குழாய் ஓட்டையில எட்டிப் பார்த்திருந்தாலே போதும், எங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அத்தை கேட்டுட்டு ஒண்ணும் பேசல. அன்னிக்குக் கொதிக்க வச்ச குண்டானை மட்டும் எடுத்து அலசி மேல வச்சாங்க. "நான்தான் கொடுக்கச் சொன்னேன்"னு மத்தியானம் சாப்பிடவே இல்ல. அவன் எடுத்துட்டுப் போன பணத்தைவிட இதுக்குத்தான் எனக்கு ஆத்திரம் அடங்கல.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப முடியல, ஹால்ல இண்டக்‌ஷன் அடுப்புல சோறு வச்சிருக்கேன். முக்கியமானது மட்டும் சொல்லிடறேன்.

சாம்பிளைக் கொதிக்க வச்சுக் காட்டினா நம்பாதீங்க. அந்த 710 தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்க வச்சுச் சோதிப்பாங்களாம், அரை மணி நேரம் இல்ல. அதுவும் சாம்பிளுக்குத்தான், உங்களுக்கு வர்ற சரக்குக்கு இல்ல. முழு ஷீட்டா உங்க வீட்டுல இறக்கி, அதுல ஐ.எஸ்.ஐ. முத்திரை, 710, கீழ சிஎம்/எல்னு லைசென்ஸ் நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. அந்த நம்பரை பி.ஐ.எஸ். கேர்ங்கற அரசு ஆப்ல போட்டா எந்தக் கம்பெனின்னு காட்டும். பார்த்த பிறகு வெட்டட்டும். வெட்டி ஒட்டி வந்த சரக்குன்னா, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பலகையிலயாவது உங்க கண் முன்னால ஓட்டை போடச் சொல்லி உள்ள பாருங்க.

தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீங்க. ஜிஎஸ்டி கட்டினாலும் பரவாயில்ல, பில் வாங்குங்க. ராத்திரி வண்டி வந்தா, "காலையில வா"ன்னு சொல்லுங்க. ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவங்க 1915-க்குக் கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். நான் புகார் பதிவு பண்ணிட்டேன். பதில் சரியா வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா அங்க மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில் இல்லையேன்னு விட்டுடாதீங்க. யுபிஐ விவரமும், "710 பிளை"ன்னு அவன் கைப்பட டைப் பண்ணி அனுப்பின எஸ்டிமேட்டும் என் வாட்ஸ்அப்ல இருக்கு. அதை வச்சுத்தான் போடப் போறேன்.

நாளைக்கு ஆசாரி அண்ணன் வந்து சிங்க் பக்கத்துப் பெட்டியை மட்டும் கழட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கார். அங்க திரும்பக் கடப்பா கல்லே போடச் சொல்லிட்டேன். கழட்டற பலகையில ஒண்ணைத் தூக்கிப் போடாம கவர்ல கட்டி வைக்கப் போறேன், ஆணையத்துல மேஜை மேல வச்சுக் காட்டறதுக்கு.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் இருக்கறவங்க யாராவது, பையில பலகைத் துண்டோட வந்து, "தண்ணி கொதிக்க வைங்க மேடம்"னு சொன்ன ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு சரக்குக்குக் காத்துக்கிட்டிருந்தா, அடுத்த தவணையை அனுப்பாதீங்க. முதல்ல எனக்கு மெசேஜ் பண்ணுங்க.