பகலில் வகுப்பு, ராத்திரி மேடை: ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் தாங்குமா?

ஜாஸ் பியானோ கலைஞர் கென்னி பாரன் 1973-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தச் சேர்ந்தவர். கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தார். அதற்கு நடுவில்தான் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் மேடைமேடையாக வாசித்ததும். ஜாஸ் பியானோவில் இந்த இரட்டைப் பிழைப்பு சகஜம். சென்னையில் இதே பிழைப்பு என்றால், பல இடங்களுக்குக் கருவியையும் நாமே தூக்க வேண்டும். ரோலண்டின் டிஜிட்டல் பியானோவான எஃப்பி-30எக்ஸை அந்தக் கணக்கில்தான் பார்க்கணும்.

எடை 14.8 கிலோ, நீளம் 130 செ.மீ. ஒரே ஆள் தூக்கலாம், மாடிப்படி என்றால் மூச்சு வாங்கும். ஆட்டோவை நம்பாதீர்கள், பின் சீட் மடங்கும் கார் தேவை. பேட்டரி கிடையாது.

88 கீயும் கொஞ்சம் கனம்தான். பீபாப் என்ற ஜாஸ் பாணியின் வேகமான வரிகளுக்குத் தொடக்கத்தில் கை வலிக்கும். டச் அமைப்பை ஒரு படி 'லைட்' பக்கம் நகர்த்தினால் சரியாகும். ஸ்பீக்கர்கள் (11 வாட், இரண்டு) கீழ்நோக்கி இருப்பதால் மேஜைமேல் வைத்தால் இடது கை வாசிக்கும் ஒலி குழம்பிவிடும். டி மைனர் 7-க்கு எஃப், ஏ, சி, இ பிடித்து, சி-யை மட்டும் பி-க்கு இறக்கி ஜி7-க்குப் போய்ப் பாருங்கள். அந்த ஒரு ஸ்வரம் நகர்வது தெளிவாகக் கேட்கணும். கேட்கவில்லையென்றால் அடிப்பக்கம் திறந்த ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள்.

கூட வரும் டிபி-2 பெடல் வெறும் ஸ்விட்ச். அதில் பாலட் (மெதுவான பாட்டு) வாசித்தால் பாதிப் பெடல், அதாவது பாதி அழுத்தி ஒலியைக் கொஞ்சமாக நீட்டுவது, கிடைக்காது. அதற்கு டிபி-10 பெடலைத் தனியாக வாங்கித்தான் ஆகணும். மேடையில் மோனோ ஒரே கேபிள் கொடுத்தால் பியானோ ஒலி சப்பென்று ஆகிவிடும். சவுண்டுக்காரரிடம் இரண்டு லைன் கேளுங்கள், ஒன்று போதும் என்பார், விடாதீர்கள்.

வகுப்புக்கு ட்வின் பியானோ வசதி அருமை: கீபோர்டு இரண்டாகப் பிரிந்து ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே சுருதி வரம்பு கிடைக்கும். ஆனால் 30 நிமிடம் வாசிக்காவிட்டால் தானாக அணைந்துவிடும். ஹார்மனி பற்றிப் பேசியே நேரம் போகும் வகுப்பென்றால் ஆட்டோ ஆஃபை முதலிலேயே எடுத்துவிடுங்கள். திரை இல்லாததால் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து ஒரு கீயைத் தட்டணும், இது எரிச்சல்தான். புளூடூத்தில் பேக்கிங் டிராக் (கூட ஒலிக்கும் பக்கவாத்தியப் பதிவு) உள்ளே வரும்; பியானோ ஒலி புளூடூத் ஹெட்போனுக்குப் போகாது, வயர் ஹெட்போன்தான்.

சுருதி சேர்க்கும் செலவில்லை என்பதற்காக நம் ஊர்க் காற்றை மறக்க வேண்டாம். கீக்கு அடியிலுள்ள ரப்பர் காண்டாக்டில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் ஒரு கீ மட்டும் திடீரென்று அலறும், அல்லது ஊமையாகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுகளில் உறை கட்டாயம். ஏசி அரங்கிலிருந்து வெளியே எடுத்தால் அரைமணி நேரம் பையைத் திறக்காமல் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது ஹெட்போன் போட்டு, 88 கீயையும் ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். பக்கத்துக் கீயைவிட ஒன்று சத்தமாக வந்தால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.