மனநிலை பிறழ்வு எதிர்வாதம் பற்றிய வீடியோ பாடத்தொகுப்பு: வாங்கலாமா?

குற்ற வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர் நான். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக நீதிமன்றம் ஒதுக்கும் வழக்குகள்தான் என்னிடம் அதிகம். சில கொலை வழக்குக் கட்டுகளைப் பிரித்தால் குற்றப்பத்திரிகையோடு பழைய மருந்துச் சீட்டுகளும் இருக்கும். அந்த மாதிரி வழக்குகளுக்கு உதவும் என்றுதான் இந்தப் பாடத்தொகுப்பை வாங்கினேன். குற்றம் செய்தபோது சித்த சுவாதீனம் இல்லை என்று வாதாட சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் எப்படி மாறி வந்திருக்கிறது, இனி எப்படி மாற வேண்டும் என்பதே பொருள். ஒரு சட்டப் பேராசிரியை நடத்துகிறார், இடையிடையே மனநல மருத்துவர் ஒருவர் பேசுகிறார். வாங்கலாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு வழக்கை நடத்திவிட முடியாது.

தொடக்கம் எல்லாரும் தொடங்கும் இடம்தான்: 1843, லண்டன், டேனியல் மக்நாட்டன். ஆளுங்கட்சி தன்னை விடாமல் துரத்துகிறது என்று நம்பியவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஜூரி விடுவித்தது. விக்டோரியா அரசியே கோபப்பட்டார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் மக்நாட்டன் விதி. விடுதலை பெற, மனநோயால் ஒருவர் தான் செய்யும் செயலின் தன்மை தெரியாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது அது தவறு என்று தெரியாமல் இருந்திருக்க வேண்டும். இந்த விதி முன்பே இருந்திருந்தால் மக்நாட்டனே தப்பியிருப்பாரா என்பது சந்தேகம் என்கிறார் பேராசிரியை. ஒரு விடுதலைத் தீர்ப்பு வரும், ஊர் கொதிக்கும், சட்டம் குறுகும். இந்த வரிசையை முதல் பாடத்திலேயே பிடித்துக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொகுப்பிலேயே சிறந்தது கான்சஸ் பற்றிய பாடம். அமெரிக்காவில் கான்சஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் இந்த எதிர்வாதத்தின் பழைய வடிவத்தையே எடுத்துவிட்டன. 2020-இல் கேலர் வழக்கில் அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர் இரண்டு வழக்குகளைக் கற்பனை செய்கிறார். ஒருவர், எதிரே நிற்பது நாய் என்று நம்பி ஒரு மனிதரைச் சுடுகிறார். இன்னொருவர், சுடச் சொல்லி நாய் கட்டளையிட்டது என்று நம்பி ஒரு மனிதரைச் சுடுகிறார். கான்சஸ் சட்டப்படி முதலாமவர் விடுதலையாவார், ஏனென்றால் மனிதரைக் கொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை. இரண்டாமவர் தெரிந்தே மனிதரைத்தான் சுட்டார், எனவே குற்றவாளி. இரண்டு பேரின் நோயும் ஒன்றே. பேராசிரியை இந்த இடத்தில் அவசரப்படவில்லை. இருவரையும் மக்நாட்டன் விதியில் வைத்துப் பார்க்கிறார், அப்புறம் தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவருக்கும் இடம் தந்த, அமெரிக்கச் சட்டக் கழகத்தின் 1962 மாதிரிச் சட்டத்தில், அப்புறம் 1954-இன் டர்ஹாம் விதியில். அளவுகோல் மாறினால் மனிதரின் கதி எப்படி மாறும் என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

டர்ஹாம் விதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடுகிறார். குற்றம் மனநோயின் விளைவா என்று மட்டும் கேட்ட விதி அது. தீர்ப்பு முழுக்க மருத்துவர் கைக்குப் போய்விடுகிறது என்று அதை வகுத்த வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே 1972-இல் கைவிட்டது. இது போதும், பரவாயில்லை.

ஹிங்க்லி பாடத்துக்கு வருவோம். என் பாராட்டும் குறையும் இரண்டும் இங்கேதான். 1981-இல் அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி 1982-இல் மனநிலை காரணமாகக் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். 1984-இல் அமெரிக்க மத்தியச் சட்டம் மாறியது. தன்னைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்ற வாதத்துக்கு அதில் இடமில்லாமல் போனது. அந்தப் பகுதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கடைசிப் பாடத்தில் உருக்கமாக வாதாடுகிறார்கள். நானும் அதையே விரும்புகிறேன். தவறு என்று தெரிந்தும் நிற்க முடியாமல் போனவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே 1984 சட்டம் இன்னொன்றையும் செய்தது. ஹிங்க்லி வழக்கில், அவர் மனநிலை சரியாக இருந்தது என்று அரசுத் தரப்புதான் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிய சட்டம் அந்தப் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்தது, அதுவும் தெளிவான, நம்பத்தகுந்த சான்றோடு. பாடத்தில் இதற்கு ஒரே ஒரு வரி! கலிபோர்னியா 1982-இல் அளவுகோலைக் குறுக்கி மக்நாட்டன் விதிக்குத் திரும்பியது. ஆராய்ந்து பார்த்தபோது, இந்த வாதத்தை எடுப்பவர்களோ அதில் வெல்பவர்களோ பெரிதாகக் குறையவில்லை. நியூயார்க்கில் நிரூபிக்கும் பொறுப்பை மாற்றினார்கள், வாதத்தை எடுப்பவர்களே குறைந்துபோனார்கள். சட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தியப் பாடத்திலும் குறைகள் உண்டு. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவு மக்நாட்டன் விதியின் வாரிசு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் வந்த மசோதா, அதிலிருந்த "சித்த சுவாதீனமின்மை" என்ற சொல்லை "மனநோய்" என்று விரிவாக்கப் பார்த்தது. அது மிகவும் அகலமான சொல் என்று நாடாளுமன்றக் குழு சொன்னதால் பழைய வாசகமே திரும்பி வந்து, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீடியோவில் இதைச் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் கூடவே தரும் குறிப்பேட்டில் மசோதாவின் வாசகமே சட்டம் என்று அச்சாகியிருக்கிறது. ஒரு ஜூனியர் அதை அப்படியே மனுவில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? திருத்தச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை.

இதைவிடப் பெரிய குறை, 1964-இல் தயாபாய் சகன்பாய் தக்கர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டது. மனநிலை சரியில்லை என்று நாம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதைக்கூட முழுதாகக் காட்ட முடியாமல் போனாலும், குற்ற எண்ணம் இருந்ததா என்று நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் நம் கட்சிக்காரருக்கே. கோர்ட்டில் என்னைப் போன்றவர்கள் பிடித்து நிற்கும் கயிறு இதுதான். என் கட்சிக்காரர் ஒருவர் சம்பவம் முடிந்ததும் கை கழுவினார். "தப்பு என்று தெரியாதவர் ஏன் கை கழுவினார்?" என்று அரசு வக்கீல் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். மருத்துவரின் பதில் எளிமையானது: கையில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தால் யாரும் கழுவுவார்கள். அந்த ஒரு பதிலில் ஐயம் எழுந்தது. இப்படிக் கேள்வி கேட்பது எப்படி, பதில் வாங்குவது எப்படி என்று ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

விடுதலைக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதும் பாடத்தில் இல்லை. கை கழுவிய அந்தக் கட்சிக்காரர் விடுதலையான அன்று அவருடைய அண்ணன், "எப்ப மேடம் வீட்டுக்கு வருவான்?" என்று கேட்டார். விடுதலை என்றாலும் பாதுகாப்புக் காவலில்தான் போகிறார், எத்தனை காலம் என்று தீர்ப்பில் இல்லை என்று விளக்கியபோது அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அமெரிக்காவில் 1983-இல் ஜோன்ஸ் வழக்கு. ஒரு கடையில் ஜாக்கெட் திருட முயன்றவர், அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. மனநிலை காரணமாக விடுவிக்கப்பட்டவரை அதற்கு மேலும் அடைத்து வைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். தப்பிக்கும் வழி என்று இந்த எதிர்வாதத்தைத் திட்டுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மற்றபடி ஒலி தெளிவாக இருக்கிறது, மொபைலில் தடங்கலின்றி ஓடுகிறது. வழக்குப் பெயரைத் தேடிப் பிடிக்க வசதியில்லை. பாடத்தின் முடிவில் வரும் கேள்விகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்தவர்களுக்கானவை. மருத்துவர் பேசும் பகுதிகள் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்கும், குற்ற வழக்கு இப்போதுதான் எடுக்கத் தொடங்கியவர்களுக்கும் பணம் வீணாகாது. பல வருடம் வாதாடியவர்கள் கான்சஸ் பாடத்தையும் ஹிங்க்லி பாடத்தையும் பார்த்தால் போதும். என் ஜூனியரிடம் அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லிவிட்டு, 1964 தீர்ப்பை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.