ரிக்கோ ஜிஆர் 3: வீட்டருகே உள்ள வயல்வெளியை நாள்தோறும் படமெடுக்க ஏற்ற கேமராவா?

வீட்டைச் சுற்றியுள்ள வயல்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் நாள்தோறும் படமெடுத்து வருபவர் கேமராவிடம் எதிர்பார்ப்பது வேறு, சுற்றுலாப் பயணி எதிர்பார்ப்பது வேறு. அதே வரப்பு, அதே மரம், அதே ஓடை. மாறுபவை ஒளியும் வானமும் பயிரின் உயரமும்தான். அந்தச் சிறு மாற்றங்களைப் பின்னாளில் அருகருகே வைத்து ஒப்பிடும்படி பதிவுசெய்ய வேண்டும். வெளியே போக மனமில்லாத நாளிலும் எடுத்துச்செல்லச் சுமையாக இருக்கக்கூடாது. 2019-இல் விற்பனைக்கு வந்த ரிக்கோ ஜிஆர் 3, தெருப் படங்களுக்கான கேமரா என்றே பெயரெடுத்தது. இங்கே அதை வயல்வெளிக்கான கருவியாக மட்டும் மதிப்பிடுகிறேன்.

மின்கலமும் நினைவட்டையும் சேர்த்து இதன் எடை 257 கிராம். சட்டைப் பையில் அடங்கும் இந்த உடலுக்குள் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (சிறு கேமராக்களில் வழக்கமாக இருப்பதைவிடப் பெரிய ஒளியுணரி) இருப்பதுதான் இதை வாங்குவதற்கான முதன்மைக் காரணம். விடியற்காலையில் வானம் வெளுத்து நிலம் இன்னும் இருண்டிருக்கும் வேளையில், டிஎன்ஜி கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக, எடுத்த படத்தின் நிழற்பகுதியைப் பின்னர் கணிசமாக வெளிச்சப்படுத்த முடிகிறது. வானம் வெளிறிப்போகாமல் காக்க, பிரகாசமான பகுதிக்கு முன்னுரிமை தந்து ஒளியை அளக்கும் முறையும் இதில் உண்டு.

லென்ஸை மாற்ற முடியாது, ஜூமும் இல்லை. முழுச்சட்டகக் கேமராவின் 28 மி.மீ. லென்ஸைப் போல அகன்ற காட்சி தரும், எஃப்2.8 வரை துளை திறக்கும் லென்ஸ் ஒன்றே ஒன்றுதான் (மி.மீ. எண் கூடக்கூடக் காட்சி குறுகும்). இதைக் குறை என்று சொல்பவர்கள் பலர். ஆனால் நாள்தோறும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறவருக்கு இதுவே பெரும் உதவி. ஜூம் இருந்தால் நேற்று எந்த அளவில் நிறுத்தினோம் என்பது நினைவில் நிற்காது. இங்கோ, அதே கல்லின் மேல் நின்று அதே மரத்தைச் சட்டகத்தின் அதே ஓரத்தில் வைத்துவிட்டால், விதைப்பு நாளின் படமும் அறுவடை நாளின் படமும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும். மேற்புறத்தில் உள்ள முறைத் தேர்வுச் சக்கரத்தில் மூன்று தனி அமைப்புகளைச் சேமிக்கலாம் என்பதால், ஒன்றை இந்தப் பணிக்கென்றே ஒதுக்குவது நல்லது. அதில் வெண்சமநிலையை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் பகலொளிக்கு நிலைப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் காலைப் பொன்னிறத்தையும் மேகமூட்டத்தின் நீலத்தையும் கேமராவே சமன்செய்து, நாள்களுக்கு இடையிலான வேறுபாட்டை அழித்துவிடும்.

குவியத் தொலைவை முன்கூட்டியே குறித்துவைக்கும் ‘ஸ்னாப்’ வசதியும் இங்கே பயன்படுகிறது. அதை 2.5 மீட்டரில் வைத்து எஃப்8 என்ற சிறிய லென்ஸ் துளையில் எடுத்தால், சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை போதிய தெளிவு கிடைக்கும்; தானியங்கிக் குவியம் தடுமாறக்கூடிய மூடுபனியிலும் பொத்தானை முழுதாக அழுத்தினால் போதும். பனிக்காலைகளில் ஒளியளவை அரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். கூட்டாவிட்டால் வெண்பனி சாம்பலாகிவிடும். பனித்துளி, விதை, பூச்சி போன்றவற்றுக்கு 6 செ.மீ. வரை நெருங்கும் மேக்ரோ முறை உண்டு.

இனிக் குறைகள். கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைக்கண்ணாடி (வியூஃபைண்டர்) இல்லை, திரையும் அசையாத திரைதான். உச்சி வெயிலில் திறந்தவெளியில் நின்று சட்டகத்தின் ஓரங்களைத் துல்லியமாகப் பார்ப்பது கடினம் என்பதால், இது காலை மாலை வேளைக்கே வசதியானது. நீர், தூசு ஆகியவற்றுக்கான காப்பும் கிடையாது. உழவு நடக்கும் வயலருகே வெளியே நீளும் லென்ஸ் குழலுடன் நடமாடுவதில் இடர் இருக்கிறது. சென்சாரை அதிரவைத்துத் தூசு உதறும் ஏற்பாடு இருந்தாலும், சிறு துளையில் எடுத்த வெறும் வானத்தில் புள்ளிகள் தெரிகின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 200 படங்கள் என்பது குறைவான எண்ணிக்கைதான். ஒரு நடைக்கு அது போதும்.

பறவைகளை எடுக்க விரும்புபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். படத்தின் ஓரங்களை நீக்கி 50 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் எஞ்சுவது 7 மெகாபிக்சல் மட்டுமே, அதுவும் கொக்கைப் புள்ளியாகவே காட்டும்.

எனக்கு உண்மையான தயக்கம் 28 மி.மீ. கோணத்தைப் பற்றியது. மரங்கள் நெருங்கிய பாதைக்கும் ஓடைக்கரைக்கும் அது மிகப் பொருத்தம். தட்டையான, பரந்த வயல்வெளியிலோ தொலைமரங்கள் மெல்லிய கோடாகிவிடும்; முன்புறத்தில் தேங்கிய நீரோ புல்லோ இல்லாவிட்டால் படத்தின் கீழ்ப்பாதி வெறுமையாகவே நிற்கும். அத்தகைய நிலத்தில் வாழ்பவர்களுக்கு, 2021-இல் 40 மி.மீ. கோணத்துடன் வந்த ஜிஆர் 3எக்ஸ் மாதிரியையே பரிந்துரைப்பேன். மேக்ரோவில் அது 12 செ.மீ.க்கு மேல் நெருங்காது என்றாலும், அடிவானத்துக்கு உரிய இடத்தைத் தருகிறது. 2025-இல் வந்த ஜிஆர் 4 மாதிரியிலும் கோணம் 28 மி.மீ.தான், பார்வைக்கண்ணாடியும் இல்லை. ஆகவே மூன்றாம் தலைமுறையைக் கையில் வைத்திருப்பவர்கள் இந்தப் பணிக்காக மட்டும் அதற்கு மாற வேண்டியதில்லை.